மாவட்ட அலுவலகத்துக்கு ஆவண விக்கி: டோக்குவிக்கி மதிப்புரை

கடலூர் மாவட்டம் போன்ற ஓரிடத்தில் அரசுத் துறைகளின் தகவல் மேலாண்மைப் பணிகளுக்குப் பலர் சேர்ந்து எழுதும் விக்கி ஒன்று அமைக்க வேண்டுமென்றால், டோக்குவிக்கி என்ற மென்பொருள்தான் எங்கள் பரிந்துரை. குறைகள் இல்லாமல் இல்லை. தமிழ்த் தேடல் பலவீனம், தமிழ் இடைமுகம் அரைகுறை, எழுதும் பெட்டி பழைய காலத்துத் தோற்றம். இருந்தும் அதையே சொல்லக் காரணம், அதில் எழுதும் ஒவ்வொரு பக்கமும் வட்டில் தனியொரு உரைக்கோப்பாக இருக்கிறது. அதன் மற்ற நன்மைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

விக்கி எதற்கு என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நிவாரண மையப் பட்டியல், வரைபட அடுக்குகள், நில ஆவணக் கணினிப் பணி, துறைக்குத் துறை மாறும் படிவங்கள் எல்லாவற்றுக்கும் செய்முறை ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் ஒரு கணினி இயக்குநரின் பென்டிரைவிலோ ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ இருக்கும். பணியிட மாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைப்பில் கோப்புகளின் பட்டியல் மட்டும் கைமாறும். ‘இந்த அட்டவணையில் நான்காவது பத்தி ஏன் காலியாக இருக்கிறது’ என்பது போகிறவரோடு போய்விடும்.

டோக்குவிக்கியை ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்டார். பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது, ஜி.பி.எல். 2 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம், கட்டணம் கிடையாது. தரவுத்தளம் எதுவும் வேண்டாம். உபுண்டு போட்ட 4 ஜி.பி. நினைவக மேசைக்கணினி ஒன்றும் நம்பகமான யு.பி.எஸ். ஒன்றும் இருந்தால் சில நூறு பேர் பார்க்கும் உள்வலை விக்கிக்குப் போதும். நிறுவும்போது திறந்த விக்கி, பொது விக்கி, மூடிய விக்கி என்று மூன்று தேர்வுகள் கேட்கும். மூடியதைத் தேர்ந்தெடுங்கள். தேவையானதைப் பிறகு திறந்துகொள்வது எளிது, திறந்து வைத்ததை மூடுவதுதான் கடினம். நிறுவி முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பி.எச்.பி.யின் பதிவேற்ற வரம்பை உயர்த்துவது. இயல்பாக அது 2 எம்.பி. மட்டுமே. வருடிய அரசாணைகளும் புல வரைபடங்களும் அதைத் தாண்டும். 32 எம்.பி. வைத்தால் போதும். ஆனால் கோப்பு வரம்போடு மொத்த அனுப்பல் வரம்பையும் சேர்த்து உயர்த்தாவிட்டால் 8 எம்.பி.யில் நின்றுவிடும், பிழைச் செய்தியும் தெளிவாக வராது.

பாதுகாப்பில் ஒரு பொறி இருக்கிறது. பக்கங்கள் கிடக்கும் டேட்டா அடைவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாதபடி தடுக்கும் கோப்பு டோக்குவிக்கியோடு வருகிறது, ஆனால் அது அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருளுக்குத்தான் புரியும். இன்னொரு வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸ் அதைப் படிப்பதே இல்லை. அங்கே தடையை நீங்களே எழுத வேண்டும். எழுதாவிட்டால் எல்லா அனுமதிகளையும் சரியாக அமைத்த பிறகும், முகவரி தெரிந்த எவரும் உரைக்கோப்பை நேரே இறக்கிக்கொள்வார். நிறுவியதும் ஒரு பக்கத்தின் கோப்பு முகவரியை உலாவியில் தட்டிப் பாருங்கள். உரை தெரிந்தால் விக்கியை அன்றே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

தமிழில் எங்கே இடறுகிறது

நிறுவும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியது பக்கப் பெயர். டோக்குவிக்கி இயல்பாகக் கோப்புப் பெயரை இணைய முகவரி வடிவில் குறிமாற்றிச் சேமிக்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் அப்படி 9 பைட்டாக விரியும். மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘பணி’ என்பதே 3 குறி, 27 பைட். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ‘கிராம நிர்வாக அலுவலர் பணி வழிகாட்டி’ என்ற தலைப்பில் 31 குறிகள், 279 பைட். அந்தப் பக்கம் சேமிக்காது. பழைய பதிப்புகளுக்கு நேரமுத்திரையும் சுருக்க நீட்சியும் பெயரோடு சேர்வதால் நடைமுறை எல்லை 26 குறிகள்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கோப்புப் பெயர்க் குறிமுறையை யு.டி.எஃப்-8 என்று மாற்றினால் ஒரு குறிக்கு 3 பைட் ஆகிவிடும், இடம் தாராளம். ஆனால் பக்கங்கள் சேர்ந்த பிறகு இதை மாற்றினால் தமிழ்ப் பெயருள்ள பழைய பக்கங்கள் ஒன்றும் கண்ணில் படாது, அந்தக் கோப்புகளின் பெயரையெல்லாம் மாற்றியாக வேண்டும். இரண்டாவது வழி எங்களுக்குப் பிடித்தது. பக்கத்தின் அடையாளப் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் குறுகலாக வைத்துவிட்டு, முதல் தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். அமைப்பில் ‘முதல் தலைப்பையே பக்கப் பெயராகக் காட்டு’ என்ற தேர்வை இயக்கினால் இணைப்புகளிலும் பட்டியல்களிலும் தமிழ்த் தலைப்பே தெரியும். படிப்பவர் கண்ணில் ஆங்கிலம் படுவது பெரும்பாலும் முகவரிப் பட்டையில்தான்.

ஊர்ப் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம். கடலூர் மாவட்டத்தின் வட்டங்களில் ஒன்று ஸ்ரீமுஷ்ணம். அந்த முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டலாம், ஒன்று ஸகரத்தில் தொடங்கும், மற்றது ஶகரத்தில். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்று போலவே தெரியும், கணினிக்கோ வேறு வேறு சொற்கள். ஒருவர் விசைப்பலகையில் எழுதிய பக்கத்தை இன்னொருவர் தேடினால் ‘இல்லை’ என்று வரும். போதாததற்கு அதே ஊரைத் திருமுட்டம் என்றும் எழுதுவார்கள். விருத்தாசலம், விருத்தாச்சலம் என்றும், காட்டுமன்னார்கோவில், காட்டுமன்னார்கோயில் என்றும் இரட்டை வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு கிராமப் பக்கத்துக்கும் மத்திய ஊராட்சித் துறையின் உள்ளாட்சி அடைவு என்ற ஊர்ப் பட்டியலில் உள்ள குறியீட்டு எண்ணையே அடையாளப் பெயராக வையுங்கள். பெயர் வடிவங்கள் அத்தனையையும் பக்கத்தின் முதல் வரியில் ஒருமுறை எழுதிவிடுங்கள். எவர் எப்படித் தேடினாலும் அகப்படும்.

தேடலில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இயல்பு அமைப்பில் டோக்குவிக்கி முழுச்சொல்லாகத்தான் தேடும். தமிழில் சொல் எங்கே தனியாக நிற்கிறது? ‘பட்டா’ என்று தேடினால் ‘பட்டாவுக்கு’, ‘பட்டாவில்’ வராது. உடுக்குறி (*) போட்டுத் தேடலாம், அல்லது ‘இப்படித் தொடங்கும் சொற்கள்’ என்பதை இயல்பாக்கும் தேர்வை அமைப்பில் மாற்றலாம். மாற்றியே ஆக வேண்டும். ஆனாலும் ‘புயல்’ என்று தேடினால் ‘புயலின்’, ‘புயலால்’ இரண்டும் அகப்படாது. ‘புயல்’ புள்ளியில் முடிகிறது, ‘புயலின்’ என்பதில் அந்தப் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி உட்கார்ந்திருக்கிறது. புள்ளியை விட்டுவிட்டு ‘புயல’ என்று தேடினால் எல்லா வடிவமும் வரும். மகர ஈற்றுச் சொற்களில் கடைசி எழுத்தையே விட வேண்டும்: ‘கிராம’ என்றால் கிராமம், கிராமத்தில், கிராமங்கள் மூன்றும் கிடைக்கும். ‘ஆறு’ ஆற்றில் என்று திரியும், அதனால் ‘ஆற’. தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இந்த மூன்று எடுத்துக்காட்டையும் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். பயிற்சி வகுப்பில் சொன்னது யாருக்கும் நினைவில் நிற்காது.

பழைய ஆவணங்களை உள்ளே கொண்டுவரும்போது யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டியவை குவியலாக வரும். ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தாயிற்று, ஆனாலும் அதற்கு முந்தைய கோப்புகள் அப்படியே இருக்கின்றன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் முதலில் யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு எண்களையும் நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும், மாற்றி அவற்றையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும். வருடிய அரசாணையை வெறும் படமாக ஏற்றினால் தேடலுக்கு அது இல்லாத பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் அரசாணை எண், நாள், துறை, பொருள், நம் மாவட்டத்தில் எதை மாற்றுகிறது என்று ஐந்து வரி தட்டி, அதன் கீழே படத்தை இணைக்கட்டும்.

மொத்தமாகக் கோப்புகளை அடைவில் நகலெடுத்துப் போட்டுவிட்டுத் ‘தேடலில் வரவில்லையே’ என்று திகைப்பவர்கள் உண்டு. டோக்குவிக்கி ஒரு பக்கத்தை யாராவது உலாவியில் திறக்கும்போதுதான் அதைத் தேடல் அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறது. திறக்காத பக்கம் தேடலில் இருக்காது. இந்த அட்டவணையை உருவாக்க அதனோடு வரும் கட்டளைவரி நிரலான இன்டெக்சரை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

யார் படிக்கலாம், யார் திருத்தலாம்

அனுமதி அமைப்பில் டோக்குவிக்கிக்கு நிகர் குறைவு. செருகுநிரல் எனும் துணை மென்பொருள் எதுவும் இல்லாமலே, பக்கங்களைத் தொகுக்கும் ஒவ்வொரு பெயர்வெளிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் குழுவாரியாக எல்லை வகுக்கலாம். படிக்க, திருத்த, உருவாக்க, பதிவேற்ற, நீக்க என்று படிகள் ஏறும். இதில் ‘நீக்க’ என்பது இணைப்புக் கோப்புகளுக்கு மட்டும். பக்கத்தைக் காலியாக்கிச் சேமித்தாலே அது நீங்கிவிடும், அதற்குத் திருத்தும் அனுமதி போதும். பழைய பதிப்பு பரண் அடைவில் இருப்பதால் மீட்டுவிடலாம், பதற வேண்டாம்.

அடிக்கடி தவறுவது இங்கே: மேல்மட்டத்தில் ‘ஊழியர்’ குழுவுக்கு எல்லாம் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு பெயர்வெளியில் ‘அனைவருக்கும் தடை’ என்று எழுதுவார்கள். உள்ளே இருக்கும் விதிக்கே முன்னுரிமை. ‘அனைவர்’ என்பதில் ஊழியர்களும் அடக்கம், அதனால் அவர்களும் வெளியே நிற்பார்கள். அந்தப் பெயர்வெளியிலேயே ஊழியர் குழுவுக்கு மறுபடி அனுமதி எழுத வேண்டும்.

பயனர் கணக்கு ஆளின் பெயரில் இருக்கட்டும், அனுமதி பதவியின் பெயரிலான குழுவில் இருக்கட்டும். ‘வட்டாட்சியர் அலுவலகம்’ என்று ஒரே கணக்கைப் பத்துப் பேர் பயன்படுத்தினால் திருத்த வரலாறு வெற்றுக் காகிதம். மாறுதல் வந்தால் கணக்கை அழிக்காமல் குழுவை மட்டும் மாற்றுங்கள், அவர் முன்பு எழுதியதன் கீழ் அவர் பெயர் தொடரும். பக்கத்தின் பொறுப்பாளரை மட்டும் எப்போதும் பதவியால் குறியுங்கள்.

ஆதார் எண், பயனாளியின் வங்கிக் கணக்கு, நோய் விவரம் எதுவும் விக்கியில் ஏறக் கூடாது, மூடிய பெயர்வெளியானாலும் கூடாது. திருத்த வரலாறு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். பக்கத்திலிருந்து அழித்தாலும் பரணில் இருக்கும், காப்புநகலிலும் இருக்கும்.

பொதுமக்களுக்குத் திறக்கும் பெயர்வெளி ஒன்று கட்டாயம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(ஆ) பிரிவு 17 தலைப்புகளில் தகவலைத் தானாக வெளியிடச் சொல்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் சொல்கிறது. 17 பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்புப் பதவி என்று தொடங்கினால் விக்கியின் முதல் மாதத்துக்கு அதுவே நல்ல பயிற்சி.

பக்கங்களை அடுக்குவது

துறைவாரியாகப் பெயர்வெளி வகுக்காதீர்கள். வருவாய், ஊரக வளர்ச்சி, மீன்வளம் என்று பிரித்தால் நிவாரண மையம் எதில் போகும்? வேலை வகையால் பிரியுங்கள். எப்படிச் செய்வது என்பதற்குச் செய்முறை, எந்தப் பத்திக்கு என்ன பொருள் என்பதற்குத் தரவு அகராதி, ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்பதற்கு முடிவுப் பதிவு, பிறகு இடங்கள், அரசாணைகள். ஐந்துக்கு மேல் போனால் எதை எங்கே போடுவது என்ற குழப்பம் தொடங்கும். பெயர்வெளிக்குள் பெயர்வெளி ஓரடுக்கு போதும்.

இவற்றில் தரவு அகராதிதான் உயிர்நாடி, அதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ‘ஆண்டு’ என்று ஒரு பத்தி இருக்கிறது என்று வையுங்கள். அது ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டா, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டா, நாட்காட்டி ஆண்டா? 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. ஜமாபந்தி என்ற ஆண்டு வருவாய்த் தணிக்கைக் கணக்கையும் திட்டச் செலவுக் கணக்கையும் அது தெரியாமல் ஒட்டினால் கூட்டுத்தொகை ஒருநாளும் பொருந்தாது. ‘வட்டக் குறியீடு’ என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறியீடா, உள்ளாட்சி அடைவின் குறியீடா? வரைபட அடுக்கு என்றால் இடத்தை எண்ணால் குறிக்கும் ஆயமுறை எது? யு.டி.எம். என்ற ஆயமுறையில் கடலூர் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. பழைய நிலவியல் வரைபடங்கள் பூமியின் வடிவுக்குப் பழைய அளவான எவரெஸ்ட் நீள்வட்டத்தில் இருக்கும், அதைக் குறிக்காமல் புதிய அடுக்கோடு சேர்த்தால் தெரு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் விழும். ஒரு பத்திக்கு நான்கு வரி போதும்: பொருள், அலகு அல்லது குறியீட்டு முறை, யார் நிரப்புவது, காலியாக இருந்தால் என்ன அர்த்தம்.

ஒவ்வொரு பெயர்வெளியிலும் வார்ப்புருக் கோப்பு ஒன்றைப் போட்டுவைத்தால் புதுப்பக்கம் தொடங்கும்போதே பொறுப்புப் பதவி, கடைசியாகச் சரிபார்த்த நாள், அடிப்படை அரசாணை ஆகிய வரிகள் தாமாக வந்து நிற்கும். கோப்புப் பெயரின் முன் ஓர் அடிக்கோடு என்றால் அந்தப் பெயர்வெளிக்கு மட்டும், இரண்டு என்றால் உள்ளடுக்குகளுக்கும் பொருந்தும்.

நிவாரண மையங்கள் போன்ற பட்டியல்களுக்கு ஸ்ட்ரக்ட் செருகுநிரலைப் போடுங்கள், அதற்கு எஸ்.கியூ.லைட் செருகுநிரலும் வேண்டும். மையத்துக்கு ஒரு பக்கம். அதில் வட்டம், கொள்ளளவு, சாவி எந்தப் பதவியிடம், ஜெனரேட்டர் உண்டா, சரிபார்த்த நாள் என்று புலங்கள். பிறகு வேறொரு பக்கத்தில் ‘சிதம்பரம் வட்டத்தில் செப்டம்பருக்குப் பின் சரிபார்க்காத மையங்கள்’ என்று ஒரு அட்டவணையைத் தானாக வரவழைக்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் மாவட்டத்தில் இந்த ஓர் அட்டவணைக்காகவே விக்கி வைக்கலாம்.

பக்கத்தைச் சிறிதாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் திருத்தத் தொடங்கினால் பக்கம் பூட்டிக்கொள்ளும், இயல்பாக 15 நிமிடம். பத்து வட்டத்துக்கும் ஒரே பக்கத்தில் நிலவர அட்டவணை வைத்தால் புயல் இரவில் ஒன்பது வட்டங்கள் காத்து நிற்கும். வட்டத்துக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள்.

அட்டவணையைக் குறிகளால் எழுதுவது அலுவலகப் பழக்கத்துக்கு ஒத்துவராது. எடிட்டேபிள் செருகுநிரல் எக்செல் போன்ற கட்டத்தைத் தரும். அறிவிப்பு மின்னஞ்சலுக்கு எஸ்.எம்.டி.பி. செருகுநிரல் தேவை, அது இல்லாமல் உள்வலைச் சேவையகத்திலிருந்து பெரும்பாலும் அஞ்சல் போகாது. இவற்றோடு பக்கம் பெயர்மாற்ற மூவ். இதற்கு மேல் செருகுநிரல் சேர்க்க ஒவ்வொருமுறையும் யோசியுங்கள், மேம்படுத்தும்போது உடைவது பெரும்பாலும் அவைதான்.

மின்சாரம் இல்லாதபோது

தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்த பிறகு எந்தச் சேவையகமும் உதவாது. டோக்குவிக்கியைச் சிறிய வலைச் சேவையகத்தோடு சேர்த்து விண்டோஸ் பென்டிரைவில் இயக்கும் வடிவத்தை அவர்களே தருகிறார்கள். பக்கங்களும் இணைப்புகளும் தேடல் அட்டவணையும் உள்ள அடைவுகளை அதில் நகலெடுத்தால் முழு விக்கியும் தேடலோடு ஒரு மடிக்கணினியில் ஓடும். தரவுத்தளம் வேண்டும் விக்கிகளில் இதே வேலைக்கு ஏற்றுமதி, இறக்குமதி, கடவுச்சொல் என்று ஒரு தொழில்நுட்ப ஆள் கூடவே வேண்டும். பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை வட்டத்துக்கு ஒரு நகல் போகட்டும். ஆனால் அது படிக்க மட்டும் என்று பென்டிரைவ் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நகலில் திருத்தியவை முதன்மை விக்கிக்குத் தாமாகத் திரும்பாது. இங்கேதான் ஆங்கில அடையாளப் பெயர்கள் மறுபடி கைகொடுக்கும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது தமிழ்க் கோப்புப் பெயர்கள் தொல்லை தரக்கூடும்.

காப்புநகலில் பக்கங்கள், பரண், பக்க விவரங்கள் உள்ள மெட்டா, இணைப்புக் கோப்புகள், அவற்றின் பரண், அமைப்பு அடைவு ஆகியவை இருக்க வேண்டும். தற்காலிகச் சேமிப்பும் பூட்டும் வேண்டாம். ஸ்ட்ரக்டின் தரவு மெட்டா அடைவுக்குள் தனிக் கோப்பாக இருக்கிறது, அதை யாரும் எழுதாத இரவு நேரத்தில் நகலெடுங்கள். மேம்படுத்துவது என்றால் புதிய தொகுப்பைப் பழையதன் மேல் விரிப்பதுதான். அதன்பின் டேட்டா அடைவில் உள்ள ‘நீக்க வேண்டியவை’ பட்டியலைப் பார்த்துப் பழைய கோப்புகளை அழிக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஓட்டையுள்ள பழைய நிரல் அப்படியே கிடக்கும்.

மீடியாவிக்கி எப்போது

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்கள் அது இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியையே கேட்பார்கள். ஒரு பெயரிலிருந்து வேறு பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்று, பகுப்பு, ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் இணைக்கும் வசதி, உலாவிக்குள்ளேயே தமிழ்99 தட்டச்சு தரும் நீட்சி என்று சில இடங்களில் அது மேல். டோக்குவிக்கியில் வழிமாற்றுக்கே செருகுநிரல் தேவைப்படுகிறது என்பது உண்மையான குறை. ஆனால் மீடியாவிக்கி எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. பக்கவாரியாகப் படிக்கத் தடை போடுவதற்கு அதை நம்ப வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. மாவட்ட விக்கியில் கால்வாசியாவது உள்சுற்றுப் பக்கங்கள் இருக்கும் என்றால் அந்த ஒரு காரணமே போதும். மாநில அளவில், முழுக்கப் பொதுவில், தரவுத்தள நிர்வாகி ஒருவர் நிரந்தரமாக உள்ள இடத்தில் மீடியாவிக்கியின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுக்கலாம். இப்போது அது 2024 டிசம்பரில் வந்த 1.43, மூன்றாண்டு ஆதரவு உண்டு. புக்ஸ்டாக் என்ற இன்னொரு விக்கி மென்பொருள் பார்க்க அழகு, கையேடு எழுத நன்று, ஆனால் அதற்கும் தரவுத்தளம் வேண்டும்.

புதுச்சேரியில் அமைப்பவர்களுக்கு மொழிச் சிக்கல் கூடுதல். காரைக்கால் தமிழ், மாஹே மலையாளம், ஏனாம் தெலுங்கு. டோக்குவிக்கியின் டிரான்ஸ்லேஷன் செருகுநிரல் மொழிக்கு ஒரு பெயர்வெளி வைத்து, மூலப்பக்கம் மாறி மொழிபெயர்ப்பு பின்தங்கினால் பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அமைப்பில் இயக்கிவிட்டு, மூலமொழி எது என்பதை நான்கு பகுதிகளும் முதலிலேயே ஒப்புக்கொள்ளட்டும். மூலம் பாதிப் பக்கங்களுக்குத் தமிழிலும் பாதிக்கு ஆங்கிலத்திலும் இருந்தால் செருகுநிரல் எதை எதோடு ஒப்பிடுவது என்று அறியாது.